‘இருபது வருஷம் உளி பிடிச்சவனுக்கு என்ன சொல்லித் தரப்போறீங்க?’ - தஞ்சாவூரில் ஒரு பயிலரங்கு உருவாகும் கதை

வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப்பைத் திறந்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அனுப்பியவள் டிப்ளமோவில் என்னோடு படித்த தோழி. இப்போது சின்னதாக ஓர் அறக்கட்டளையில் வேலை பார்க்கிறாள். ‘தஞ்சாவூர் வீணைக் கைவினைஞர்களுக்கான ஐந்து நாள் உயர்நிலைப் பயிலரங்கு. குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே முதல் நாள், முதல் அமர்வு: ‘வீணையின் பாகங்கள் - ஓர் அறிமுகம்.’

“ஏண்டி, பதினஞ்சு வருஷமா வீணை செய்யறவங்களுக்கு வீணையோட பாகம் தெரியாதா?” என்று வாய்ஸ் நோட் போட்டேன்.

“அது பழைய புரோகிராமோட டெம்ப்ளேட்டுடி. போன வருஷம் பனை ஓலைப் பெட்டிக்கு நடத்தினோம்ல, அதுலயே பேரை மாத்திட்டாங்க. நீ வந்து சரி பண்ணிக்குடு. உனக்குத்தான் அங்கே ஆள் தெரியுமே” என்றாள்.

ஆள் தெரியும்தான். பிரச்னையே அதுதான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இரண்டு வருடங்களுக்கு முன்பு, டெஸ்க்கில் சேர்ந்த புதிதில், தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறைக்குப் போய் ஆறு நிமிட வீடியோ எடுத்துவந்தேன். பலா மரத்தைக் குடைவது, யாளி முகம் செதுக்குவது என்று எல்லாமே அழகாக வந்திருந்தது. அதற்கு நான் வைத்த தலைப்பு, ‘தஞ்சாவூரின் கடைசி வீணை ஆசாரி.’ நன்றாகவே ஓடியது. எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில்கூட யாரோ அதை எனக்கே ஃபார்வேர்டு செய்தார்கள்.

அவர் கடைசி ஆசாரி இல்லை. அதே தெருவில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஊர் முழுக்கச் சேர்த்தால் இன்னும் அதிகம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வைத்தேன். அதைத்தான் இங்கே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதனால், தோழியோடு பஸ் ஏறும்போதே வயிற்றில் ஒரு கலக்கம். பட்டறை வாசலில் நின்ற பெரியவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். “வாம்மா, கடைசி ஆசாரி இன்னும் இருக்கானான்னு பார்க்க வந்தியா?” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

விஷயத்தை உடைத்தது அவருடைய மருமகள்தான். பட்டறையின் போன் கால்களும் கணக்கு வழக்கும் அவர் கையில். “அந்த வீடியோ வந்தப்புறம் நாலஞ்சு மாசம் புது ஆர்டரே இல்லைங்க. போன் பண்றவங்க எல்லாம், ‘இன்னும் செய்யறீங்களா, நிறுத்திட்டதா சொன்னாங்களே’ன்னு கேட்டாங்க. பக்கத்துப் பட்டறைக்காரங்க எங்களோட பேசறதையே விட்டுட்டாங்க. ‘நீங்கதான் கடைசின்னா நாங்க என்ன பொம்மையா செய்யறோம்?’னு கேட்டாங்க” என்றார். நான் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு லாட்ஜில் உட்கார்ந்து வீடியோவின் தலைப்பை மாற்றச் சொல்லி ஆபீசுக்கு மெயில் போட்டேன். மறுநாள் மாறிவிட்டது. ஏற்கெனவே பார்த்தவர்கள் மனதில் எதை மாற்றுவது?

சரி, பயிலரங்குக்கு வருகிறேன்.

மறுநாள் காலையில் பெரியவரின் பட்டறையிலேயே ஐந்து பேர் கூடினார்கள். மூன்று பேர் அறுபதைத் தாண்டியவர்கள், இரண்டு பேர் நாற்பதுகளில். மரத்தூள் படிந்த தரையில் எல்லோரும் சம்மணமிட்டு உட்கார, தோழி மட்டும் லேப்டாப்பை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தாள். அவள் ‘பாகங்கள் அறிமுகம்’ என்று வாசிக்க ஆரம்பித்ததுமே ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

“நான் இருபது வருஷமா உளி பிடிக்கிறேன். எனக்கு என்னம்மா சொல்லித் தரப்போறீங்க? யாரு சொல்லித் தரப்போறா?”

நியாயமான கேள்வி. புதிதாக ஒன்றைக் கற்க வருகிறவருக்கு வகுப்பு எடுப்பது எளிது. அ, ஆவிலிருந்து தொடங்கலாம். தொழிலில் ஊறியவர்களைக் கூட்டி உட்கார வைத்து எதைக் கற்றுத் தருவது? அவர்களுக்கு மேலே ஆள் ஏது? தோழி என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். எங்களிடம் பதில் இல்லை.

நாற்பதுகளில் இருந்தவர்களில் ஒருவர்தான் வாயைத் திறந்தார். “எனக்கு மேளம் சரியா வராது” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருட அனுபவம் உள்ள ஒருவர் தன் சக தொழிலாளிகள் முன்னால் அப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அறை அமைதியானதைப் பார்த்துத்தான் புரிந்தது.

மேளம் என்றதும் தவிலோடு வரும் மேளத்தை நினைத்துவிடாதீர்கள். வீணையின் தண்டியில் 24 மெட்டுகள் இருக்கும். இப்படி 24 மெட்டுகளையும் நிலையாகப் பதிக்கும் வடிவத்தை 17-ம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். தண்டியின் இரண்டு ஓரங்களிலும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து ஒரு மேடை கட்டி, அதன்மேல் உலோக மெட்டுகளை ஒவ்வொன்றாக, தந்தியை மீட்டிப் பார்த்து, காதால் கேட்டுப் பதிக்க வேண்டும். இதற்குத்தான் மேளம் கட்டுவது என்று பெயர். ஒரு வீணையை மரவேலையில் எவ்வளவு அழகாகச் செய்தாலும் மேளம் தப்பினால் அது அலமாரிப் பொருள்தான்.

கணக்கு இதற்கு இருக்கிறது. என் போனிலேயே போட்டுப் பார்த்தேன். திறந்த தந்தியின் நீளம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அரை ஸ்வரத்துக்கும் நீளத்தை 1.0595 ஆல் வகுத்துக்கொண்டே போனால், குதிரையிலிருந்து அளக்கும்போது முதல் மெட்டு சுமார் 75.5 சென்டிமீட்டரில் வரும். பன்னிரண்டாவது மெட்டு 40-ல், அதாவது சரிபாதியில். இருபத்து நான்காவது 20-ல், கால்பங்கில். யாளிப் பக்கம் முதல் மெட்டுக்கு நாலரை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. குதிரைப் பக்கத்தில் கடைசி இரண்டு மெட்டுகளுக்கு நடுவே வெறும் 1.2 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் யாளிப் பக்கத்தில் பெரிதாகக் காதில் உறுத்தாது. அதே ஒரு மில்லிமீட்டர் கடைசி மெட்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிய பிழையாகிவிடும்.

இதை நான் ஏதோ கண்டுபிடித்த மாதிரி வாசித்துக் காட்டியதும் பெரியவர் சிரித்தார். “உன் கணக்குல வெக்கிற மெட்டு பேசாதும்மா. தந்தியை அழுத்தினா அது கொஞ்சம் இழுபடும்ல? இழுபட்டா சுருதி ஏறும்ல? அதுக்காக மெட்டை யாளிப் பக்கம் ஒரு மயிரிழை தள்ளி வெக்கணும். எவ்வளவு தள்ளணும்கிறது தந்தி எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கிறதைப் பொறுத்தது. அது ஒவ்வொரு வீணைக்கும் மாறும்.”

வெளியூர் கிடார் தயாரிப்பாளர்கள் இதே சிக்கலுக்கு, மெட்டுகளைக் கணக்குப்படி வைத்துவிட்டு, தந்தி ஏறி நிற்கும் கட்டையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சமாளிக்கிறார்கள். இவர் அதை ஒவ்வொரு மெட்டிலும் தனித்தனியாகக் காதால் செய்கிறார். அந்த அறையில் இருந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்குத்தான் மேளம் முழுதாகக் கைவந்திருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. மற்றவர்கள் வீணையை முடித்து, மேளத்துக்கு மட்டும் இன்னொருவரிடம் தூக்கிக்கொண்டு போகிறார்கள். போகிற இடத்தில் அது நடக்கும்போது உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடையாது. “டீ குடிச்சிட்டு வா” என்று அனுப்பிவிடுவார்களாம்.

“நீங்களும் அப்படித்தான் அனுப்புவீங்களா ஐயா?” என்று பெரியவரைக் கேட்டேன்.

“பின்னே?” என்றார்.

அங்கேதான் தோழி ஒரு காரியம் செய்தாள். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, “அப்ப, உங்களுக்குத் தெரியாததை ஒவ்வொருத்தரா சொல்லுங்க. அதுதான் புரோகிராம்” என்றாள். அவளை நான் ரொம்ப காலமாக அறிவேன். ஆனாலும் அன்றைக்குக் கொஞ்சம் ஆச்சர்யப்பட்டேன்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவர் குதிரையைப் பற்றிச் சொன்னார். குதிரை என்பது குடத்தின்மேல் தந்திகளைத் தாங்கும் மரக்கட்டை. அதன் தலையில் ஓர் உலோகத் தகடு ஒட்டியிருக்கும். பார்த்தால் தட்டையாகத் தெரியும். உண்மையில் மிக மெல்லிய ஒரு வளைவு உண்டு. அந்த வளைவு சரியாக இருந்தால்தான் தந்தியில் ஜீவாளி பேசும். கொஞ்சம் கூடினால் இரையும். குறைந்தால் நாதம் செத்துவிடும். “என் கையில பத்துக்கு மூணு அடங்கிப்போகுது. ஏன்னு தெரியலை” என்றார் அவர்.

இந்த வளைவின் சூட்சுமத்தை ஆராய்ந்தவர் யார் தெரியுமா? திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன். 1921-ல் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அதைப் பொறுத்துச் சில மேல்நாதங்கள் எழாமல் போக வேண்டும் என்பது அன்றைக்கு ஏற்கப்பட்டிருந்த விதி. வீணையிலும் தம்புராவிலும் அந்த நாதங்களும் சேர்ந்தே எழுகின்றன, காரணம் அந்தக் குதிரைதான் என்று காட்டினார் ராமன். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்கு ஒன்பது வருடங்கள் கழித்து, வேறு கண்டுபிடிப்புக்காக. அவர் மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர் என்பது பலருக்கும் தெரிந்த சங்கதி.

நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு விஞ்ஞானி காகிதத்தில் எழுதிவைத்த விஷயம். அந்த வளைவை அரத்தால் தேய்த்து உண்டாக்குகிறவர்களிடம் அதை யாரும் கொண்டுபோய்ச் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொன்னதும் குதிரைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வளைவு எத்தனைன்னு போட்டிருக்காரா?” எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால், பயிலரங்கின் முதல் நாள் அந்த இடத்தில்தான் உருவானது.

யோசனை இதுதான். வருகிற பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒரு குதிரை கொண்டுவர வேண்டும். வீணை ஒன்றேதான். அதே தந்தி, அதே சுருதி, மீட்டுவதும் ஒரே ஆள். குதிரையை மட்டும் மாற்றிக்கொண்டே போவது. யாருடைய குதிரை என்று தெரியாதபடி நடுவில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு எல்லோரும் கேட்பது. பிறகு, நன்றாகப் பேசிய குதிரையையும் அடங்கிப்போன குதிரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவை அளப்பது.

போர்வை யோசனை என்னுடையது. அதற்கு ஒரு பின்கதை உண்டு. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஸ்ட்ராடிவேரியஸ் போன்ற பழம்பெரும் வயலின்கள் மூன்று, புதிதாகச் செய்தவை மூன்று. எது எது என்று தெரியாமல் வாசித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுக்குக் கறுப்பு வெல்டிங் கண்ணாடி. பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று தாடை வைக்கும் இடத்தில் சென்ட் தடவிவைத்தார்களாம். முடிவில், அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புது வயலின். கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவேரியஸுக்கு.

இதைச் சொன்னதும் பட்டறையே சிரித்தது. முக்கியமாக அந்த சென்ட் சமாசாரம். “இங்கே சென்ட் எதுக்கு? மெழுகு நாத்தமே போதும்” என்றார் ஒருவர். சிரிப்பு அடங்கியதும் பெரியவர் மட்டும், “அப்ப என் குதிரை கடைசியா வந்தாலும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிரும்” என்றார். உண்மைதான். அந்தப் பயத்துக்கு நாங்கள் ஏதாவது செய்தாக வேண்டும். முடிவுகளில் பெயர் இல்லை, எண் மட்டும், தன் எண் எது என்று அவரவருக்கு மட்டும் தெரியும் என்று பேசி முடித்தோம்.

அதன் பிறகு பேச்சு தானாக ஓடியது. மரத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. பண்ருட்டிப் பக்கத்துப் பலாதான் வேண்டும், ஒரே மரத்தில் குடையும் ஏகாந்த வீணைக்கு ஏற்ற பருமனில் மரம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, அதனால் குடம், தண்டி, யாளி என்று தனித்தனியாகச் செய்து ஒட்டும் வீணைதான் அதிகம் போகிறது. இது அவர்களுக்கு தினசரிப் புலம்பல். பயிலரங்கில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை என்று அவர்களே ஒதுக்கிவிட்டார்கள். 2013-ல் கிடைத்த புவிசார் குறியீட்டைப் பற்றியும் அப்படித்தான். “சர்ட்டிபிகேட் இருக்கு, நல்லாத்தான் இருக்கு” என்பதோடு முடிந்தது.

பழைய வீணைகளைப் பற்றி நிறையப் பேசினார்கள். தாத்தா காலத்து வீணை ஒன்று பழுதுக்கு வரும். அதன் நாதம் இன்றைக்குச் செய்கிற எதிலும் வராது. ஏன்? மேல் பலகையின் கனம் என்னவென்று பார்க்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும். பிரித்தால் உரிமையாளர் அடிக்க வருவார். அதனால் விரல் கணுவால் தட்டிப் பார்த்து ஊகிப்பதோடு சரி. வயலின் தயாரிப்பாளர்கள் இதற்குக் காந்தத்தால் இயங்கும் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு காந்தத்தைப் போட்டு, வெளியிலிருந்து பலகையின் கனத்தை அளந்துவிடலாம். இன்னும் ஒருபடி மேலே போய், 1704-ல் செய்யப்பட்ட ‘பெட்ஸ்’ என்ற ஸ்ட்ராடிவேரியஸ் வயலினை மனிதர்களுக்கு எடுப்பதுபோலவே சி.டி. ஸ்கேன் எடுத்து, அந்த அளவுகளை வைத்து நகல் செய்தும் பார்த்தார்கள். “வீணையை ஸ்கேன் சென்டருக்குத் தூக்கிட்டுப் போனா பேஷன்ட் பேரு என்ன எழுதுவாங்க?” என்று மருமகள் கேட்டார். ஸ்கேன் நம் பட்ஜெட்டில் இல்லை. காந்தக் கருவி ஒன்று மட்டும் வாங்குவதாக முடிவு.

அப்புறம் வந்தது இடத் தகராறு. அறக்கட்டளை ஏற்பாடு செய்திருந்தது குளிர்சாதன வசதியுள்ள ஒரு கருத்தரங்கக் கூடம். மெத்தை நாற்காலிகள், தரையில் கார்ப்பெட். பட்டியலைக் கேட்ட ஆசாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர்கள் வேலை செய்வது தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு. கொட்டாப்புளியால் உளியை அடித்தால் சில்லு பத்தடி தள்ளித் தெறிக்கும். மெழுகு காய்ச்ச அடுப்பு வேண்டும். கார்ப்பெட் கூடத்தின் மேலாளரிடம் போனில் ‘அடுப்பு’ என்ற சொல்லைச் சொன்னதுமே பேச்சு முடிந்துவிட்டது.

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் என்று சொன்னது மருமகள்தான். சிமென்ட் தரை, கழுவி விட்டுவிடலாம். பக்கத்திலேயே சமையல்கட்டு. மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாக் கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். பனிக்காலத்தில் மெழுகு வேலையும் நன்றாக வரும். விஜயதசமிக்கான ஆர்டர்கள் முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும். எல்லாம் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர. மார்கழியில் நல்ல வைணிகர்கள் எல்லாம் சென்னையில் சீசனில் இருப்பார்கள். வாசித்துக் காட்ட ஆள்?

“பெரிய வித்வான் எதுக்கு? அவங்க வருஷத்துக்கு ஒரு வீணை வாங்கினா அதிகம். இங்கே வீட்டுல வீணை கிளாஸ் எடுக்கிற டீச்சருங்க நாலு பேரைக் கூப்பிடுங்க. நம்மகிட்ட வீணை வாங்கற பாதிப் பேர் அவங்க அனுப்புற பிள்ளைங்கதான்” என்றார் மருமகள்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று மறுநாள் இரண்டு டீச்சர்களைப் பார்த்தபோது தெரிந்தது. ஒருவர் முப்பது வருடங்களாகச் சொல்லிக்கொடுப்பவர். அவரிடம் குறைகள் பட்டியலாகவே இருந்தன. சின்னப் பிள்ளைகளுக்குக் குடம் பெரிது, கை எட்டவில்லை. பிரடை ஒன்று இறுகி நிற்கிறது, இன்னொன்று நழுவுகிறது. மாடி வீட்டில் சித்திரை வெயிலில் மெட்டு அசைந்துவிடுகிறது. தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் உருகும். ஆனால், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். வெயிலில் பூட்டிய காருக்குள் வீணையை விட்டுவிட்டுக் கடைக்குப் போனால் திரும்பி வரும்போது மேளம் போயிருக்கும். “இதையெல்லாம் செய்யறவங்ககிட்டச் சொல்லியிருக்கீங்களா டீச்சர்?” என்று கேட்டேன். “வாங்கும்போது நல்லாத்தானேம்மா இருக்கு. அப்புறம் யார் அவ்வளவு தூரம் போய்ச் சொல்றது?” என்றார். அவர் வீட்டுக்கும் பெரியவர் பட்டறைக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர்.

ஒரு மதியம் முழுக்க டீச்சர்களுக்கு என்று ஒதுக்கினோம். அவர்கள் குறை சொல்வார்கள், ஆசாரிகள் கேட்டுக்கொள்ள வேண்டும், பதில் சாயங்காலம்தான். நடுவே எழுந்து சண்டை போடக் கூடாது என்பது தோழியின் நிபந்தனை. பெரியவர் ‘பார்க்கலாம்’ என்றார்.

கூலிப் பேச்சில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பழைய பட்ஜெட்டில் பை, ஃபோல்டர், டி-ஷர்ட், பேனர், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் இருந்தன. ஐந்து நாள் பட்டறையை மூடிவிட்டு வருகிறவருக்கு அந்த ஐந்து நாள் கூலி இல்லை. ‘இலவசப் பயிற்சி’ என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். யாருக்கு இலவசம்? தோழி பொன்னாடையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். டி-ஷர்ட் போனது. பேனர் போனது. தொடக்க விழாவே போனது. அதில் மிச்சமானதை நாள்கூலியாகப் பிரித்தால் முழுக்க இல்லாவிட்டாலும் முக்கால்வாசி ஈடாகிறது. அறக்கட்டளையில் இதற்கு அவள் என்ன பாடுபட்டாள் என்பது தனிக்கதை. அவள் வேலைக்கு ஆபத்து வராமல் அதை எழுத முடியாது.

ஓஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்றொரு ஊர் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அங்குள்ள கல்லூரியில் அனுபவமுள்ள வயலின் தயாரிப்பாளர்கள் கூடுகிறார்கள். ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே கூடத்தில் வேலை செய்து, ஒருவர் தொழில்நுட்பத்தை இன்னொருவருக்குக் காட்டுகிறார்கள். இதைப் பற்றி நான் சொன்னபோது பெரியவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவங்க எல்லாம் வேற வேற ஊரும்மா. நாங்க ஒரே தெரு. நான் காட்டினதை வெச்சு நாளைக்கு எதிர்த்த பட்டறையில ஐந்நூறு ரூபா குறைச்சுக் குடுப்பான்” என்றார்.

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

ஆனாலும் அவர் மேளத்தைக் காட்டச் சம்மதித்தார். எப்படி என்று கேட்டால், அவர் சொல்லவில்லை. மூன்றாவது தடவை நாங்கள் போனபோது ஒரு வீணைக்கு மேளம் கட்டிக்கொண்டிருந்தார். மெழுகை நீவும்போது அவருடைய வலது கை லேசாக நடுங்கியது. ஒரு மெட்டை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அந்த நாற்பது வயதுக்காரர், மேளம் வராது என்று முதல் நாள் சொன்னவர், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “நிக்காதே, உட்காரு” என்றார். அவர் உட்கார்ந்தார். அன்றைக்கு நாங்கள் பயிலரங்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

கிளம்பும்போது பெரியவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மேளம் காட்டுகிற அந்த ஒரு நாள் யாரிடமும் போன் இருக்கக் கூடாது. “முக்கியமா உன்கிட்ட” என்று என்னைக் காட்டிச் சொன்னார். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவளுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது. எடிட்டரிடம் சொன்னபோது, “அப்ப ஸ்டோரிக்கு விஷுவல்?” என்றுதான் முதலில் கேட்டார். மற்ற நான்கு நாளும் எடுக்கலாம், எடுத்ததை வெளியிடும் முன்பு தலைப்போடு சேர்த்து அவர்களிடம் காட்ட வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டேன்.

எனக்கு இன்னொரு வேலையும் வைத்திருக்கிறார்கள். கடைசி நாள் காலையில் இரண்டு மணி நேரம் நான் வகுப்பு எடுக்க வேண்டும். வீணையைப் போனில் எப்படிப் படம் எடுப்பது, வெளிநாட்டிலிருந்து கேட்கிறவருக்கு நாதத்தை எப்படிப் பதிவு செய்து அனுப்புவது என்று. வருகிறவர்கள் ஆசாரிகள் இல்லை. அவர்கள் வீட்டு மருமகள்களும் மகள்களும். மருமகள் ஏற்கெனவே எட்டு பேரைச் சேர்த்துவிட்டார். “தலைப்பு எப்படி வெக்கறதுன்னும் சொல்லிக் குடுங்க” என்றார். கிண்டலா, நிஜமாகத்தான் கேட்டாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

பி.டி.எஃப் இப்போது ஒரே பக்கம். ‘உயர்நிலைப் பயிலரங்கு’ என்பதைப் பெரியவர் பேனாவால் அடித்துவிட்டு ‘வீணை வேலைக்காரர் கூட்டம்’ என்று எழுதிக்கொடுத்தார். கொண்டுவர வேண்டியவை: அவரவர் உளி, அரம், தந்தி, ஒரு குதிரை, ஒரு போர்வை. போர்வை குளிருக்கு மட்டும் அல்ல என்று அடைப்புக்குறிக்குள் நான் சேர்த்தேன்.

பன்னிரண்டு இடங்களில் பதினொன்று நிரம்பிவிட்டது. பன்னிரண்டாவது, பெரியவரின் பங்காளி ஒருவருக்கு. மேளம் முழுதாகக் கைவந்த அந்த இரண்டாவது ஆள் அவருடைய சிஷ்யர்தான். பெரியவரும் பங்காளியும் பேசிப் பல வருடங்கள் ஆகின்றன. என் வீடியோவுக்கு முன்பிருந்தே என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். “நான் கூப்பிட்டேன்னு சொல்லாதே. குதிரை ஒண்ணை மட்டும் அனுப்பச் சொல்லு” என்றார் பெரியவர். சொல்லியனுப்பினோம். பத்து நாள் பதிலே இல்லை.

போன வியாழக்கிழமை மருமகள் போன் செய்தார். நியூஸ் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, ஒரு பையன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார்களாம். உள்ளே ஒரு குதிரை. துண்டுச்சீட்டு எதுவும் இல்லை. பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறாராம்.

“அப்ப பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு சொல்லிரட்டுமா?” என்று கேட்டேன்.

போனைப் பெரியவரே வாங்கினார். “சொல்லிரு. அவனுக்கு சுகர் இருக்கு. சாயங்காலம் சப்பாத்தி போடச் சொல்லு” என்று சொல்லி வைத்துவிட்டார்.